எங்க கிணத்துக்கும் சென்னைக் கோட்டைக்கும் ஒரு சொந்தம்

போன மாசம் முழுக்க வெங்காயம் பத்தியே எழுதி உங்களைப் படுத்தி எடுத்துட்டேன். இந்த வாரம் வேற சங்கதி. சென்னைக்குப் போயிருந்தேன். போனது குடும்ப வேலையா. ஆனா ரெண்டு நாள் காலையில மகனோட சேர்ந்து அந்த ஊர்ல பழைய யுத்த காலத்து மிச்சம் மீதியெல்லாம் தேடிப் பார்த்துட்டு வந்தேன்.

மலையடிவாரத்துக்காரனுக்குக் கடற்கரைச் சண்டையில என்ன வேலைன்னு கேப்பீங்க. அல்லிநகரத்துல நின்னு மேக்க பார்த்தா வீரப்ப அய்யனார் கோயில் மலை. எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க அரைநாள் ஆகும். ஆனா எங்க தாத்தா யுத்தம் பத்தி நிறையப் பேசுவார். அவர் பட்டாளத்துக்குப் போனவர் இல்ல. வண்டி மாடு வச்சிருந்தவர். அவருக்கு யுத்தம்னா ரயில்.

மதுரை போடி ரயில் 1928ல வந்தது. இலவங்காய், ஏலக்காய், காப்பிக்கொட்டைன்னு மலைச்சரக்கு இறங்குற ஊருக்கு ரயில் வந்தா சும்மாவா? தேனிச் சந்தை அதுக்கப்புறம்தான் இம்புட்டுப் பெருசாச்சுன்னு தாத்தா சொல்வார். ரெண்டாம் உலகப்போர் வந்ததும் இரும்பு வேணும்னு அந்தத் தண்டவாளத்தையே பிடுங்கிட்டாங்க. சுதந்திரம் வாங்கி, 1950கள்லதான் திரும்பப் போட்டாங்க. இடையில அம்புட்டு வருசமும் சரக்கு மாட்டு வண்டியிலயும் லாரியிலயும்தான் மதுரைக்குப் போச்சு. "யுத்தம் கப்பலுக்குத்தான்டா வரும்னு நெனச்சோம். நம்ம ரயிலுக்கு வந்துருச்சு" அப்படின்னு தாத்தா சிரிப்பார். அவருக்கு அதுல கொஞ்சம் லாபமும் உண்டு, வண்டி வாடகை கூடுச்சுல்ல.

அந்த ரயிலை 2010 கடைசியில மறுபடி நிறுத்தினாங்க, அகலப்பாதை போட. பன்னெண்டு வருசம் கழிச்சு 2022 மே மாசம் தேனி வரைக்கும் வந்தது. 2023 ஜூன்ல இருந்து போடியில இருந்து நேரா சென்னை சென்ட்ரலுக்கே வாரத்துக்கு மூணு நாள் வண்டி விட்டுருக்காங்க. ராத்திரி தேனியில ஏறிப் படுத்தா விடிஞ்சு சென்ட்ரல். அதுலதான் போனேன்.

என்ன குடும்ப வேலைன்னா, நிலம். எங்களுக்கு ரெண்டே முக்கால் ஏக்கர். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப சுத்தி வெள்ளாமைக் காடு. இப்ப மூணு பக்கமும் பிளாட்டு, கல்லு நட்டுக் கொடி கட்டி வச்சிருக்காங்க. ஒரு புரோக்கர் ஆறு மாசமா வீட்டுக்கு வந்து போறார். மொத்தமாக் குடுத்தா நல்ல விலை, முதல் வேலையா கிணத்த மூடிச் சமன் பண்ணிருவோம்னு சொன்னார். அந்த ஒரு சொல்லு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துருச்சு. மகனுக்கு வேற கணக்கு. சென்னையில வாடகை வீடு, ஒரு பொம்பளப் பிள்ள, அடுத்த வருசம் பள்ளிக்கூடம். வித்தா சொந்தமா ஒரு வீடு வாங்கலாம்னு நினைக்கிறான். தப்புன்னு சொல்ல முடியுமா? போன்ல பேசினா ரெண்டு பேருக்கும் குரல் ஏறுது. நேர்ல பேசிக்கலாம்னு கிளம்பினேன்.

சென்ட்ரல்ல இறங்குனதும் மகன், "அப்பா, ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன். எங்க போகணும் சொல்லுங்க. மால் போவமா?" அப்படின்னான். "மாலெல்லாம் வேணாம்ப்பா. எம்டன் குண்டு போட்ட எடத்தைக் காட்டு" அப்படின்னேன். சின்ன வயசுல எதுக்கெடுத்தாலும் குறுக்க கேள்வி கேப்பேன்னு தாத்தா என்னை "எம்டன் பய"ன்னுதான் கூப்பிடுவார். அந்தப் பேருக்குச் சொந்தக்காரனை ஒரு தடவை பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

வரி போச்சு, பேரு நின்னுச்சு

எம்டனுக்குப் போறதுக்கு முன்னாடி, ஸ்டேசனுக்குக் கிழக்க ஒட்டி ஒரு ரோடு போகுது. வால்டாக்ஸ் ரோடு. சென்னைக்காரங்களுக்கு அது லாரி ஷெட்டும் பார்சல் ஆபீசும் இருக்கிற ரோடு. வால்னா மதில், டாக்ஸ்னா வரி. மதில் வரி ரோடு.

கதை என்னன்னா, 1746ல பிரெஞ்சுக்காரங்க கப்பல்ல வந்து சென்னையைப் பிடிச்சுட்டாங்க. கோட்டை சில நாள்கூடத் தாங்கல. மூணு வருசம் கழிச்சு ஒப்பந்தம் போட்டுத்தான் இங்கிலீஷ்காரன் கைக்குத் திரும்ப வந்தது. 1758 டிசம்பர்ல லாலிங்கிற பிரெஞ்சுத் தளபதி மறுபடி வந்து முற்றுகை போட்டார். அந்தத் தடவை கோட்டை தாக்குப்பிடிச்சது. 1759 பிப்ரவரியில இங்கிலீஷ் கப்பல்கள் கடல்ல தெரிஞ்சதும் அவர் கிளம்பிட்டார். அதுக்கப்புறம் ஹைதர் அலியோட குதிரைப்படை. அவங்க கடல் வழியா வரல, மேக்க இருந்து வந்தாங்க. கோட்டைக்குள்ள வெள்ளைக்காரன் பத்திரம். வெளியில கருப்பர் பட்டணத்துல இருந்த நம்ம சனம், நெசவாளி, வியாபாரி, கூலிக்காரன் எல்லாம் வெட்டவெளி. அப்பத்தான் 1770 வாக்குல அந்தப் பட்டணத்தைச் சுத்தி மதில் கட்டினாங்க. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. கட்டின செலவையும் பராமரிப்பையும் உள்ள குடியிருக்கிறவன் தலையில வரியாப் போடப் பார்த்தாங்க. சனம் கட்டல, சட்டப்படி செல்லாதுன்னும் ஆகிப்போச்சு. மதில் போச்சு, வரி போச்சு, பேரு மட்டும் நின்னுருச்சு. நம்ம ஊர்ல கண்மாய் போயிருச்சு, கண்மாய்க்கரைத் தெருங்கிற பேரு மட்டும் இருக்கிற மாதிரி.

மதில்ல ஒரு துண்டு மட்டும் வடக்க பழைய ஜெயில் ரோட்டுல நிக்குது. அதுக்கு மேலயே பூங்கா வச்சதால மாடிப் பூங்கான்னு பேரு. ஆட்டோக்காரர் ஒருத்தர் கொண்டு போய் விட்டார். ரோட்டுல போறவனுக்கு அது மதிலுன்னே தெரியாது, பழைய காம்பவுண்டு சுவர் மாதிரி இருக்கு. கிட்டப் போய்ப் பார்த்தேன். கட்டுமானம் இன்னும் கெட்டிதான். ஆனா இடுக்குல ஒரு அரசங்கன்னு. என் கை தன்னால அதைப் பிடுங்கப் போயிருச்சு. மகன், "அப்பா, இது கவர்மெண்டு சுவரு" அப்படின்னு கையப் பிடிச்சான். விவசாயி கண்ணுக்கு அதுதான் முதல்ல படும். கிணத்துச் சுவர்ல ஒரு அரசங்கன்னு முளைச்சு அதை ரெண்டு வருசம் விட்டுப் பாருங்க, வேர் பெருத்து கல்லை வெளிய தள்ளிரும். பீரங்கி செய்யாத வேலையைக் காக்கா போட்ட ஒரு விதை செஞ்சுரும்.

எல்லைக்கல்

அங்க இருந்து பாரிமுனை. டேர் ஹவுஸ் கட்டடத்துக்கிட்ட ஒரு கல்தூண் நிக்குது. பூக்கடைக்குப் போற கூட்டத்துல அதைத் திரும்பிப் பார்க்கிற ஆள் ஒருத்தர்கூட இல்ல. 1773ன்னு வருசம் போட்ட எல்லைக்கல் அது. மொத்தம் ஆறு நட்டாங்களாம், நிக்கிறது இது ஒண்ணுதான்.

எதுக்கு எல்லைன்னா, அதுதான் சங்கதி. கோட்டைக்கு வடக்க, இப்ப ஹைகோர்ட் இருக்கிற எடத்துலதான் முதல் கருப்பர் பட்டணம் இருந்தது. பிரெஞ்சுக்காரன் வந்தப்ப அந்த வீடுகளோட மறைவுல நின்னு கோட்டையை அடிக்க வசதியாப் போச்சு. பிடிச்சவன் பாதியை இடிச்சான். திரும்பி வந்த இங்கிலீஷ்காரன் மீதியையும் இடிச்சான். கோட்டையில இருந்து சுட்டா குண்டுக்குக் குறுக்க ஒரு செடிகூட நிக்கக் கூடாதுன்னு வெட்டவெளி ஆக்கி, இதுக்கு இங்கிட்டு எவனும் வீடு கட்டக் கூடாதுன்னு கல்லு நட்டான். மைதானமாக் கெடந்த அந்த எடத்துலதான் 1892ல ஹைகோர்ட் கட்டடம் முடிஞ்சது.

நான் அந்தக் கல்லுகிட்டக் கொஞ்ச நேரம் நின்னேன். எல்லைக்கல்லுன்னா நமக்குச் சும்மா இல்லயே. ஒரு முழம் தள்ளி நட்டதுக்கு அண்ணன் தம்பி மூணு தலைமுறை பேசாம இருக்கிற ஊரு நம்மளுது. இந்தக் கல்லு ஒரு ஊரையே தூக்கி அங்கிட்டு வச்சிருக்கு. அந்தச் சனத்துக்கு அப்ப யார் என்ன விலை குடுத்தாங்களோ.

மகன் போன்ல படம் எடுத்துட்டு, "நம்ம காட்டுக்கிட்ட நட்டிருக்கிற பிளாட்டுக் கல்லு மாதிரியே இருக்குப்பா" அப்படின்னான். அவனாத்தான் சொன்னான். நான் பதில் பேசல.

எம்டன்

ஹைகோர்ட்டோட கிழக்குக் காம்பவுண்டு சுவர்ல, ராஜாஜி சாலையைப் பார்த்தாப்ல ஒரு கல்வெட்டு பதிச்சிருக்கு. பஸ்ஸும் லாரியும் விர்ரு விர்ருன்னு போகுது, நின்னு படிக்கிறதே பெரும்பாடு. 1914 செப்டம்பர் 22ந் தேதி எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மேல குண்டு வீசினதையும், அதுல ஒண்ணு இங்க விழுந்ததையும் சொல்ற கல்லு.

ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல கப்பல் வந்திருக்கு. கலங்கரை விளக்கு எரியுது, துறைமுகத்துல விளக்கு எரியுது, ஊரே வெளிச்சமாக் கெடக்கு. யுத்தம் ஆரம்பிச்சு ஒண்ணரை மாசம் ஆச்சு, ஆனா அது எங்கேயோ ஐரோப்பாவுலன்னு இருந்திருக்காங்க. எம்டன் தன் விளக்கைப் போட்டுக் குறி பார்த்து, துறைமுகத்துக்கிட்ட இருந்த பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளை அடிச்சது. ரெண்டு தொட்டி பத்திக்கிச்சு. நூத்துச் சொச்சம் குண்டு. பத்து நிமிசம்தான் சுட்டிருக்கான். கரையில இருந்த பீரங்கிக்காரங்க சுதாரிச்சுத் திருப்பிச் சுட்டதுல ஒண்ணுகூட கப்பல் மேல படல. அவன் விளக்கை அணைச்சுட்டு இருட்டுல போயிட்டான். துறைமுகத்துல நின்ன ஒரு கப்பலுக்கும் அடி. அஞ்சு உசுராவது போயிருக்கு.

எண்ணெய் எரிஞ்ச வெளிச்சத்தை ரொம்பத் தூரத்துல இருந்தே பார்த்திருக்காங்க. மறுநாள்ல இருந்து சனம் மூட்டை கட்டிக்கிட்டு ஊரை விட்டு ஓட்டம். நஷ்டம் என்னமோ கொஞ்சம்தான், பயம்தான் பெருசு. அந்தக் கப்பலோட தலைவன் கார்ல் ஃபான் முல்லரும் அதுக்குத்தான் வந்தார். வெள்ளைக்காரனை எவனும் தொட முடியாதுங்கிற நினைப்பை அசைச்சுப் பார்க்க. எம்டனும் ரொம்ப நாள் தாங்கல. அதே வருசம் நவம்பர் 9ந் தேதி கோகோஸ் தீவுக்கிட்ட சிட்னிங்கிற ஆஸ்திரேலியக் கப்பல் அதை அடிச்சு நொறுக்கிருச்சு.

கப்பல் போச்சு, சொல்லு நின்னுருச்சு. கடலையே பார்க்காத எங்க ஊர்ப் பெருசுகூட "அவன் சரியான எம்டன்டா" அப்படின்னு சொல்லும். 2006ல எம்டன் மகன்னு படமே வந்தது. ஒரு கப்பல் பத்து நிமிசம் சுட்டதுக்கு ஒரு பாசை முழுக்க ஒரு சொல்லு கெடைச்சிருக்கு.

கல்வெட்டைத் தொட்டுப் பார்த்தேன். என் பேரை நானே தொட்ட மாதிரி இருந்தது.

கோட்டையும் கடலும்

மறுநாள் கோட்டைக்குப் போனோம். தலைமைச் செயலகம் இருக்கிறதால பையெல்லாம் சோதிச்சுத்தான் உள்ள விடுறாங்க. 1640ல ஆரம்பிச்ச கோட்டை. இப்பப் பார்க்கிற மதிலும் அகழியும் பிரெஞ்சுக்காரன்கிட்ட ஒரு தடவை தோத்ததுக்கப்புறம் பலப்படுத்தினது. மதில் நேராப் போகாம மூலைக்கு மூலை கூராத் துருத்திக்கிட்டு இருக்கும். ஒரு மூலையில நிக்கிறவன் பக்கத்து மூலையோட அடிவாரத்தைச் சுட முடியும். காட்டுக்கு நாலு மூலையிலயும் பரண் போட்டுப் பன்னிக்குக் காவல் இருக்கோம்ல, அதே யோசனைதான்.

உள்ள இருக்கிற மியூசியத்துல எம்டன் குண்டோட துண்டு ஒண்ணு வச்சிருக்காங்க. கலப்பைக் கொழு ஒடஞ்சா எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கு. (வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, பார்த்துப் போங்க.)

என்னை அதிசயிக்க வச்சது வேற. கோட்டைக்குக் கிழக்க நின்னு கடலைத் தேடினேன், காணோம். ரோடு, அதுக்கு அங்கிட்டு காலி எடம், துறைமுகத்துச் சுவர், அதுக்கும் அங்கிட்டுத்தான் கடல். கட்டினப்ப அலை மதிலுக்குக் கிட்டயே வந்து அடிச்சிருக்கு. அப்புறம் 1875ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சு கடலுக்குள்ள கல்லுச் சுவர் நீட்டினாங்க. இந்தக் கரையில மணல் வருசம் முச்சூடும் சேர்த்துப் பார்த்தா தெக்க இருந்து வடக்க நகருது. குறுக்க சுவர் வந்ததும் தெக்க மணல் மேவ ஆரம்பிச்சது, அப்படி மேவினதுலதான் மெரினா இம்புட்டு அகலமாச்சு. வடக்க ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்னு கடல் அரிச்சுத் தள்ளிருச்சு. ஓடையில குறுக்க ஒரு கரை போட்டுப் பாருங்க, ஒரு பக்கம் வண்டல், ஒரு பக்கம் அரிப்பு. கடலுக்காகக் கட்டின கோட்டையை விட்டுக் கடலே தள்ளிப் போயிருச்சு.

ஏழு கிணறு

இதையெல்லாம் பார்த்துக்கிட்டே எனக்கு மனசுல ஒரே கேள்வி. உள்ள இருந்தவன் தண்ணிக்கு என்ன பண்ணினான்? கடல் ஓரம், உப்புத்தண்ணி. முற்றுகை போட்டா குண்டுக்கு முன்னாடி தாகம்தான கொல்லும்?

அதுக்குப் பதில் ஏழுகிணறு. மின்ட்டுக்கிட்ட இருக்கிற பகுதி. வள்ளலார் சின்ன வயசுல இருந்து முப்பது வருசத்துக்கு மேல குடியிருந்தது அங்க வீராசாமித் தெருவுலதான், அதனால நம்மாளுங்க நிறையப் பேருக்குப் பேரு தெரியும். 1772ல பேக்கர்ங்கிற கேப்டன் அங்க பத்துக் கிணறு தோண்டினார். ஏழுதான் நல்லாத் தண்ணி குடுத்துச்சு. அந்தத் தண்ணியைக் குழாய் வழியாக் கோட்டைக்குக் கொண்டு போனாங்க. இந்த நகரத்துக்கு முதல் குழாய்த் தண்ணி ஏற்பாடு அதுதான். எதிரி விசம் கலந்துருவான்னு கிணத்துக்குக் காவல் வேற.

நாங்க வெளியில நின்னுதான் பார்த்தோம். இப்ப குடிநீர் வாரியத்து எடம் அது. அந்தத் தெருவுல நின்னப்பத்தான் எனக்கு முழுசும் புரிஞ்ச மாதிரி இருந்தது. பீரங்கி, மதில், அகழி எல்லாம் ஊருக்குத் தெரியிற காவல். கண்ணுக்குத் தெரியாத காவல் இந்தக் கிணறு. இது இல்லாட்டி அது ஒரு வாரம் தாங்காது. நம்ம பென்னிகுக் அய்யாவும் பட்டாளத்து எஞ்சினியர்தான. அந்தப் பட்டாளம் சுட்ட குண்டெல்லாம் போன எடம் தெரியல. அவர் 1895ல கட்டி முடிச்ச அணைத் தண்ணியில நாம இன்னிக்கும் நடவு போடுறோம்.

1942

சாயங்காலம் மகன் வீட்டு மொட்டை மாடியில உக்காந்து பேசினோம். அவன் 1942 கதையைப் போன்ல தேடிப் படிச்சுச் சொன்னான். எனக்குத் தாத்தா சொன்னது பாதி தெரியும்.

அந்த வருசம் பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. சிங்கப்பூர்ல கடலைப் பார்த்துப் பெரிய பெரிய பீரங்கி வச்சிருந்தாங்க. ஜப்பான்காரன் வந்தது மலேயாக் காடு வழியா. நம்ம சனம் அங்க எத்தனை பேர் ரப்பர்த் தோட்டத்துல, எத்தனை பேர் அப்புறம் சயாம் ரயில் போடப் போய்ச் செத்தாங்க. மார்ச் 8 ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 5 கொழும்பு மேல குண்டு, மறுநாள் விசாகப்பட்டினம், 9ந் தேதி திருகோணமலை. விசாகப்பட்டினம் கடற்கரையில அன்னிக்குக் கட்டின கான்கிரீட் காவல் கூண்டு இன்னும் மணல்ல நிக்குதாம், துப்பாக்கிக்கு ஓட்டை விட்டு.

சென்னையில அவசியம் இல்லாதவங்க ஊரைக் காலி பண்ணுங்கன்னு சர்க்காரே சொல்லிருச்சு. ஆபீசுகளை உள்நாட்டு ஊர்களுக்கு மாத்தினாங்க. வீடு வாசலைப் பூட்டிட்டு சனம் ரயில் ஏறினது. சென்ட்ரலுக்குப் பக்கத்துல, ரிப்பன் மாளிகைக்குப் பின்னாடி அப்ப மிருகக்காட்சிசாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு ஒடஞ்சா சிங்கம் புலி ஊருக்குள்ள வந்துரும்னு அதுகளைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. கடைசியில ஜப்பான் கப்பல் எதுவும் வரல. 1943 அக்டோபர்ல ஒத்த விமானம் வந்து துறைமுகத்துப் பக்கம் சில குண்டைப் போட்டுட்டுப் போச்சு, அம்புட்டுத்தான். யுத்தத்துல சென்னை நகரத்துக்குள்ள முதல்ல செத்தது கூண்டுக்குள்ள கெடந்த வாயில்லாச் சீவன்.

"இதுல நம்ம ஊருக்கு ரயில் போனது மட்டும்தானாப்பா?" அப்படின்னு கேட்டான்.

அப்பத்தான் சொன்னேன். ரங்கூன் விழுந்ததோட பர்மா அரிசி நின்னு போச்சு. சென்னை மாகாணம் அந்த அரிசியை நம்பியிருந்தது. வங்காளத்துல 1943ல லட்சக்கணக்குல சனம் பட்டினியில செத்துச்சு. இங்க ரேஷன் வந்தது. அதிக உணவு விளைவிப்போம்னு சர்க்கார் கிளம்பிக் கிணறு வெட்டக் கடனும் மானியமும் குடுத்தது. மானாவாரியாக் கெடந்த எங்க காட்டுல தாத்தா அந்தப் பணத்துல வெட்டினதுதான் எங்க கிணறு. பத்தாததுக்கு அப்பத்தா கழுத்துல கெடந்ததும் போச்சு. நாப்பது அடிக்குக் கீழ பாறை, வெடி வச்சுத்தான் இறங்கினாங்க. கமலைக் கல்லுல 1945ன்னு உளியால வெட்டி வச்சிருக்கும். மகன் அந்தக் கல்லு மேல ஏறி எத்தனை தடவை கிணத்துல குதிச்சிருக்கான். அந்த வருசம் எதுக்குன்னு அவனும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "அதுவும் யுத்தத்துக்குக் கட்டுனதுதானப்பா, ஏழுகிணறு மாதிரி" அப்படின்னான்.

"ஆமா. நம்ம ஊர்ல அது ஒண்ணுதான் கோட்டை."

உடனே எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைக்காதீங்க. அவன் கஷ்டம் அப்படியேதான் இருக்கு. கிணத்துல சித்திரையில தண்ணி இல்லங்கிறதும் நெசம், சுத்தி அம்புட்டுப் போர் ஓடுது. மருமகள் காபி கொண்டு வந்து வச்சுட்டு, "மாமா, எங்களுக்கு மொத்தமும் வேணும்னு இல்ல. பிள்ளைக்கு ஒரு நிலையான எடம் வேணும், அவ்வளவுதான்" அப்படின்னு சொல்லிட்டுப் போச்சு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஒரு நோட்டுல படம் போட்டுக் கணக்குப் பார்த்தோம். ரோட்டோரம் தெக்க இருக்கிற அறுபது சென்டை மட்டும் குடுக்கிறது. அந்தப் பணம் வீட்டுக்கு முன்பணம் கட்டக் காணும், மீதிக்கு அவன் கடன் வாங்கிக்குவான். கிணறும் அதைச் சுத்தி இருக்கிறதும் கை வைக்கிறது இல்ல, என் காலத்துக்கப்புறமும் கிணத்தை மூடுறது இல்ல. இதை அவன்தான் நோட்டுல எழுதினான்.

அந்த அறுபது சென்டுல நாலு புளியமரம் இருக்கு. எங்கப்பா வச்சது. அது போயிரும். அதை எழுதும்போது இப்பவும் கை கொஞ்சம் நிக்கத்தான் செய்யுது. ஆனா ஒரு கோட்டையைக் காப்பாத்த ஒரு பட்டணத்தையே இடிச்சவனைப் பார்த்துட்டு வந்தவன் நான். கிணத்தைக் காப்பாத்த நாலு மரம். ஊர்ல யாரும் ஏன்னு கேட்டா இதைத்தான் சொல்லணும்.

புரோக்கருக்குச் சொல்லியாச்சு. அவருக்குச் சந்தோசம் இல்ல, மொத்தமா வேணும்கிறார். இல்லாட்டி வேற ஆள் பார்க்கணும்.

பங்குனியில தண்ணி அடியில போனதும் ஆள் விட்டுத் தூர் வாரப் போறேன். பதினஞ்சு வருசத்துச் சேறு கெடக்கு. மகனும் நாலு நாள் லீவு போட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான். சுவர்ல வடகிழக்கு மூலையில ஒரு அரசங்கன்னு தலை காட்டுது, அதை ஊருக்கு வந்த அன்னிக்கே வேரோட எடுத்துட்டேன். இதுக்கு எந்த கவர்மெண்டும் கையப் பிடிக்காதுல்ல.

உங்க ஊர்ப் பக்கம் கிணத்துல, கமலைக் கல்லுல, களத்துமேட்டுல 1943, 44, 45ன்னு வருசம் வெட்டின கல்லு இருந்தா ஒரு தடவை நின்னு பாருங்க. வீட்டுல பெருசு யாராச்சும் இருந்தா இப்பவே கேட்டு வச்சுக்கங்க. சென்னைக்குப் போறவங்க நம்ம போடி ரயில்லயே போங்க, இறங்குன எடத்துல இருந்தே எல்லாம் பக்கம்தான்.

அடுத்த வாரம் மறுபடி வெங்காயத்துக்கு வந்துருவோம். திருகல் நோய்க்கு என்ன பண்ணேன்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க, எழுதுறேன்.